தீம் பார்க் பயணம்: கொடுக்கிற காசுக்கு இன்னும் தகுமா?

முழுப் பரீட்சை முடியும் நேரத்தில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். இந்த லீவுக்குத் தீம் பார்க் போகலாமா, போனால் எதற்கு? உள்ளூரிலேயே ஒரு நாளில் முடித்துக்கொள்வதா, சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வரை போவதா, அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் இருந்தால் டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஆர்லாண்டோவையும் பார்த்துவிடுவதா? நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு முதல் வழியில் பத்தாயிரம் ரூபாய்க்குள் முடியும். கடைசி வழியில் விமானக் கட்டணம், விசா, ஓட்டல் எல்லாம் சேர்த்துப் பத்து லட்சத்தை எட்டிவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு காரணத்துக்காகவும் போகும் ஒரு பயணத்தில் ஒரு நாளைத் தீம் பார்க்குக்குக் கொடுத்தால் அந்தக் காசு தகும். தீம் பார்க்குக்காக மட்டுமே விமானம் ஏறினால், பெரும்பாலான குடும்பங்களுக்கு இன்றைய விலையில் தகாது. எனக்கும் இந்தப் பூங்காக்கள் பிடிக்கும். பிள்ளைகள் ரோலர் கோஸ்டரிலிருந்து இறங்கியதும் "இன்னொரு தடவை" என்று ஓடுவதைப் பார்க்க நானும் காசு கொடுப்பேன். ஆனால் அந்த "இன்னொரு தடவை" ஒரு நாளில் எத்தனை முறை நடக்கிறது என்பதுதான் கணக்கு.

விலை எப்படி இங்கே வந்து நின்றது என்று பார்த்தால் பாதி தெளிவாகிவிடும். ஃப்ளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபரில் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் மூன்றரை டாலர். உள்ளே சவாரிகளுக்குத் தனியாகக் கூப்பன். ஏ முதல் ஈ வரை தரம் பிரித்து, பெரிய சவாரிகளுக்கு ஈ கூப்பன் கேட்டார்கள். 1982இல் கூப்பனை எடுத்துவிட்டு, ஒரே டிக்கெட்டில் நாள் முழுக்க எதில் வேண்டுமானாலும் ஏறலாம் என்று மாற்றினார்கள். 1999இல் வரிசையில் நிற்காமல் நேரம் குறித்துக்கொண்டு வரும் ஃபாஸ்ட்பாஸ் வந்தது, அதுவும் இலவசமாக. 2016இல் கூட்டம் அதிகமுள்ள நாளுக்கு அதிக விலை என்ற முறை வந்தது. 2021இல் இலவச ஃபாஸ்ட்பாஸை நிறுத்திவிட்டு அதே வசதிக்குக் காசு வாங்கத் தொடங்கினார்கள். சில பெரிய சவாரிகளுக்குத் தனித்தனியாகவே விலை வைத்தார்கள். அதாவது பழைய ஈ கூப்பன் திரும்பி வந்துவிட்டது, இந்த முறை நுழைவுச்சீட்டுக்கு மேல். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் கூட்டமான நாளின் ஒருநாள் டிக்கெட் இப்போது 200 டாலருக்கு மேல்.

டிக்கெட் விலை ஏறியதைவிட வேக வரிசைக்குக் காசு வாங்குவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஒரு ரோலர் கோஸ்டர் மணிக்கு இத்தனை பேரைத்தான் ஏற்ற முடியும் என்று ஓர் அளவு இருக்கிறது. அதில் ஒரு பகுதியைக் கூடுதல் காசு கொடுத்தவர்களுக்கு ஒதுக்கினால், சாதாரண வரிசை அந்த அளவுக்கு மெதுவாக நகரும். டிக்கெட் வாங்கிய நாம் வெயிலில் நிற்க, பக்கத்துப் பாதையில் ஆட்கள் நடந்து போய் ஏறிக்கொண்டே இருப்பார்கள். பிள்ளை "அவங்க மட்டும் ஏன் போறாங்க?" என்று கேட்கும்போது சொல்வதற்கு நல்ல பதில் கிடையாது. ஆகவே எந்தப் பூங்காவை எடுத்துக்கொண்டாலும், டிக்கெட் விலையோடு வேக வரிசைச் சீட்டின் விலையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அது இல்லாமல் ஒரு நாளில் எத்தனை சவாரி கிடைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்போம். எட்டு மணி நேரம் உள்ளே இருக்கிறோம். சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் ஒன்றரை மணி நேரம் போகும். மிச்ச நேரத்தில் ஒவ்வொரு சவாரிக்கும் முக்கால் மணி நேரம் காத்திருந்தால், நாள் முழுக்க எட்டுச் சவாரி. தலைக்கு 5,500 ரூபாய் டிக்கெட் என்றால் ஒரு சவாரி கிட்டத்தட்ட 700 ரூபாய். அதே எட்டுச் சவாரி 1,500 ரூபாய் டிக்கெட்டில் கிடைத்தால் 200 ரூபாய்க்கும் கீழே. கூட்டமில்லாத நாளில் சவாரி பதினைந்தாகும், விலை இன்னும் பாதியாகும்.

இனி உள்ளூருக்கு வருவோம். சென்னைக்காரர்களுக்கு இப்போது நிலைமை மாறியிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி, முட்டுக்காட்டில் எம்ஜிஎம், பூந்தமல்லியைத் தாண்டி குவீன்ஸ்லேண்ட் என்று பழைய இடங்கள் இருக்கவே இருக்கின்றன. ஆனாலும் பெரிய சவாரி வேண்டும் என்றால் ரயிலேறி பெங்களூர் போய், பிடதியில் இருக்கும் வொண்டர்லாவுக்குப் போவதுதான் பலருடைய வழக்கமாக இருந்தது. கொச்சியில் 2000இல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. 2005இல் பெங்களூருக்கும் 2016இல் ஹைதராபாத்துக்கும் போய், 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூருக்கு வந்து சேர்ந்தது. திறந்த சமயத்தில் டிக்கெட் 1,500 ரூபாயை ஒட்டி இருந்தது. ரயில், ஓட்டல், இரண்டு நாள் சாப்பாடு எல்லாம் மிச்சமாகிவிட்டதால், சென்னைவாசிக்கு இனி இதற்காகப் பெங்களூர் போக வேண்டிய அவசியமே இல்லை.

உள்ளூர்ப் பூங்காவின் பெரிய பலம் தண்ணீர்ப் பகுதி. அலைக்குளத்தில் வரிசை கிடையாது. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கலாம், உயரக் கட்டுப்பாடும் பெரிதாக இருக்காது, காலை மட்டும் நனைத்துக்கொண்டு பெரியவர்கள் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். மே மாத வெயிலில் இதற்கு ஈடான சுகம் சிங்கப்பூரிலும் இல்லை. காலையில் கதவு திறந்ததும் உலர் சவாரிகளை முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் தண்ணீருக்குப் போவதே என் வழக்கம். வெளிச் சாப்பாட்டை இப்படிப்பட்ட பூங்காக்கள் பொதுவாக உள்ளே விடுவதில்லை, பருத்தித் துணியோடு குளத்தில் இறங்கவும் விடமாட்டார்கள். நீச்சல் உடையை வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் அங்கே வாங்கும் செலவு மிச்சம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் உள்ளூரில் காசு தகுவதும் தகாததும் இருக்கிறது. ஏப்ரல், மே சனி ஞாயிறுகளைத் தவிர்த்துவிட வேண்டும். காணும் பொங்கலைச் சொல்லவே வேண்டாம். பள்ளிகள் திறந்த பிறகு ஜூலை, ஆகஸ்டில் வாரநாளில் ஒரு லீவு கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மே மாத ஞாயிற்றுக்கிழமையில் வேக வரிசைச் சீட்டும் சேர்த்து வாங்கினால், அந்தக் காசில் சாதாரண வாரநாளில் இரண்டு முறை போய் வந்துவிடலாம். நானாக இருந்தால் இரண்டு முறை போவேன்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 மே மாதம் ஈசிஆரில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் சவாரி உயரத்தில் நின்றுபோய், ஏறியிருந்தவர்கள் மணிக்கணக்கில் மேலேயே மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்புத் துறையினர் வந்துதான் இறக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. அதற்காக எல்லா இடத்தையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பெல்ட்டை ஊழியர் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, உயரம் குறைந்த பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறாரா என்று நான் பார்ப்பேன். கறாராகத் திருப்பி அனுப்பும் இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வரும். டிக்கெட் 300 ரூபாய் குறைவு என்பதற்காக இந்த விஷயத்தில் இறங்கி வர மாட்டேன்.

ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இதெல்லாம்கூட அதிகம். சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சி, மதுரை தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி போன்ற இடங்களில் சின்ன நுழைவுக் கட்டணத்துக்கு மேல், ஏறும் சவாரிக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். சின்ன ராட்டினம், குட்டி ரயில், டெல்லி அப்பளம், பஞ்சுமிட்டாய் என்று ஒரு சாயங்காலம் முடிந்துவிடும். அந்த வயதுக்குத் தேவையான சந்தோஷம் அவ்வளவுதான். பிள்ளை தூங்கி விழுந்தால் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். நாள் முழுவதுக்கும் கொடுத்த காசு வீணாகிறதே என்ற எண்ணமும் இருக்காது.

கோவை, மதுரைப் பக்கத்தவர்களுக்கு என் முதல் விதி இயல்பாகவே பொருந்தும். மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் பிளாக் தண்டர் தண்ணீர்ப் பூங்கா இருக்கிறது. ஊட்டிப் பயணத்தில் போகும்போதோ திரும்பும்போதோ ஒரு நாளை அங்கே வைத்துக்கொள்ளலாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துப் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். தீம் பார்க் செலவு தகுமா என்பதற்கு வங்கி இருப்பைவிட இந்த அளவு நல்ல பதில் சொல்லும். சிங்கப்பூர் யுனிவர்சலில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102 சென்டிமீட்டர் வேண்டும், ஜுராசிக் பார்க் தண்ணீர்ச் சவாரிக்கு 107, மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125. வொண்டர்லாவில் பெரிய சவாரிகள் பலவற்றுக்கு 140 கேட்பார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஏழு, எட்டு வயதில் 120ஐத் தொடுவார்கள், பத்து, பதினொன்றில் 140ஐத் தொடுவார்கள். 118 சென்டிமீட்டர் பிள்ளையைச் சிங்கப்பூர் வரை கூட்டிப்போய், வாசலில் இருக்கும் அளவுகோலில் தலை இடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால், அந்த அழுகைக்கு நாமே விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் பொறுத்துப் போனால் அதே காசுக்குப் பெரிய சவாரிகளும் கிடைக்கும்.

அதே மாதிரி, ஏறாதவர்களுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது. தாத்தா, பாட்டி, முதுகுவலி உள்ள அப்பா, கர்ப்பிணி அத்தை யாராக இருந்தாலும் உள்ளே வந்தால் காசுதான். மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டு என்றாலும் மிச்சப்படுவது பெரிய தொகை அல்ல. ஆறு பேர் போய் மூன்று பேர் மட்டும் ஏறினால் ஒரு சவாரியின் விலை இரட்டிப்பாகிவிடுகிறது. பெரியவர்களை வெயிலில் பையோடு உட்காரவைப்பது மரியாதையாகவும் இல்லை. ஒருவர் பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போகட்டும், மற்றவர் பெரியவர்களோடு வேறு இடத்துக்குப் போகட்டும். குடும்பம் ஒரு நாள் பிரிந்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

சிங்கப்பூர் இந்த விஷயத்தில் வசதியான ஊர். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் இருக்கும் செந்தோசா தீவுக்கு ஹார்பர்ஃப்ரன்ட் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பிள்ளைகளும் அம்மாவும் உள்ளே இருக்கும்போது, தாத்தா பாட்டி லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் தோசை சாப்பிட்டு, வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, சாயங்காலம் கார்டன்ஸ் பை தி பே தோட்டத்துக்கு வந்துவிடலாம். அங்கே வெளித் தோட்டமும் இரவு ஒளிக்காட்சியும் இலவசம். பூங்காவில் பெரியவர்களுக்கு டிக்கெட் 80 சிங்கப்பூர் டாலருக்கு மேல், நம் காசில் ஐயாயிரத்தைத் தாண்டும். வேக வரிசைச் சீட்டு தனி, கூட்டமான நாளில் அதுவே டிக்கெட் விலையை ஒட்டி வந்துவிடும். நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நமக்குக் கோடை விடுமுறை நடக்கும் மே மாதத்தின் முதல் மூன்று வாரங்களில் சிங்கப்பூரில் பள்ளி நடந்துகொண்டிருக்கும். அவர்களுடைய விடுமுறை மே கடைசியில்தான் தொடங்கும். ஆகவே மே முதல் பாதியில், அவர்களுடைய அரசு விடுமுறை இல்லாத செவ்வாய், புதன் மாதிரி நாளில் போனால் வேக வரிசைச் சீட்டு வாங்காமலேயே சமாளித்துவிடலாம். ஜூனிலோ டிசம்பரிலோ போகிறவர்களுக்கு இந்த யோகம் கிடையாது. மதியத்துக்கு மேல் இடிமழை வந்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள் என்பதால், அவற்றைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

இங்கேதான் பேக்கேஜ் டூரில் மாட்டிக்கொள்கிறோம். "யுனிவர்சல் டிக்கெட் உட்பட" என்று போட்டிருப்பார்கள். பஸ் எல்லா ஓட்டலிலும் ஆள் ஏற்றிக்கொண்டு போய்ச் சேரும்போது மணி பதினொன்று, ஐந்து மணிக்குத் திரும்ப வாசலுக்கு வரச் சொல்வார்கள். கூட்டம் குறைவாக இருக்கும் முதல் ஒரு மணி நேரமும் கடைசி ஒரு மணி நேரமும் கையை விட்டுப் போய்விடும். டிக்கெட்டுக்கு முழு விலை கொடுத்துவிட்டு அந்த நாளின் நல்ல பகுதியை இழக்கிறோம். மற்ற எதற்கு பேக்கேஜ் எடுத்தாலும் அந்த ஒரு நாளை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரா மலேசியாவா என்று கேட்டால், செலவைப் பார்ப்பவர்களுக்கு நான் மலேசியாவைச் சொல்வேன். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம், அதை 2026 இறுதி வரை நீட்டித்திருக்கிறார்கள். நான்கு பேருக்கு விசாச் செலவும் அலைச்சலும் மிச்சம். கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் கெந்திங் மலை. 2022இல் அங்கே ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்காவைத் திறந்தார்கள். கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி உயரம், நம் கொடைக்கானலை ஒட்டிய குளிர்ச்சி. வெயிலில் வரிசையில் நிற்கும் கஷ்டம் அங்கே இல்லை, ஆனால் மழையும் மூடுபனியும் சவாரிகளை நிறுத்திவைக்கும். மறுநாள் பத்துமலை முருகன் கோயில், இரட்டைக் கோபுரம், பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு என்று பெரியவர்களுக்கும் பயணம் நிறைவாக இருக்கும். சவாரிகளின் தரத்தில் சிங்கப்பூர் ஒரு படி மேல்தான், மறுக்க மாட்டேன். 125 சென்டிமீட்டரைத் தாண்டிய, ரோலர் கோஸ்டர் பைத்தியமான பிள்ளை இருந்தால் சிங்கப்பூர். பிள்ளை அதைவிடச் சின்னது என்றால், ஜொகூர் பாருவில் 2012இல் திறந்த லெகோலேண்ட் இன்னும் பொருத்தம். சின்னப் பிள்ளைகளை மனதில் வைத்தே கட்டிய இடம் அது. அப்புறம் சிங்கப்பூரிலிருந்து பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும்.

டோக்கியோ டிஸ்னியின் டிக்கெட் நாளைப் பொறுத்து 7,900 யென்னிலிருந்து 10,900 யென் வரை, அமெரிக்க டிஸ்னியின் பாதி விலைகூட வராது. ஆனால் சென்னையிலிருந்து அங்கே போய்ச்சேரும் செலவு அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். ஜப்பானைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம், டிஸ்னிக்காகப் போக வேண்டாம்.

கடைசியாக ஆர்லாண்டோ. இந்தியாவிலிருந்து இதற்காகவே போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். விசா விண்ணப்பக் கட்டணமே தலைக்கு 185 டாலர். அமெரிக்காவிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. அட்லாண்டாவில் இருப்பவர்கள் ஆறேழு மணி நேரம் கார் ஓட்டினால் வந்துவிடுவார்கள், விமானச் செலவு இல்லை. அவர்களுக்கு ஒருமுறை போய்வருவது தகும், முக்கியமாகப் பிள்ளைக்குப் பத்து வயது ஆவதற்கு முன். டிஸ்னியில் மூன்று வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை, பத்து வயதில் பெரியவர் டிக்கெட் தொடங்கிவிடும். பல நாள் டிக்கெட்டில் ஒரு நாளின் விலை இறங்கும் என்பதால், எல்லோரும் நான்கைந்து நாள் வாங்கத் தூண்டப்படுவார்கள். கார் நிறுத்தும் கட்டணம், வேக வரிசை, சாப்பாடு என்று ஒவ்வொரு நாளும் கூடவே வளரும். இரண்டு நாள் டிஸ்னிக்கும் ஒரு நாள் 2025 மே மாதம் திறந்த யுனிவர்சலின் எபிக் யுனிவர்ஸுக்கும் கொடுத்துவிட்டு, நான்காவது நாள் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் கென்னடி விண்வெளி மையத்துக்குப் போகலாம். நிலவுக்கு மனிதர்களை அனுப்பிய சாட்டர்ன் V வகை ராக்கெட் ஒன்று அங்கே படுத்த நிலையில் இருக்கிறது. பல பிள்ளைகளுக்குச் சவாரிகளைவிட அது மனதில் நிற்கும் என்று நான் நம்புகிறேன்.

டிஸ்னியில் வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம், உணவுக் கவுன்டர்களில் குளிர்ந்த குடிநீரை இலவசமாகத் தருவார்கள். புளியோதரையும் சப்பாத்தி ரோலும் கட்டிக்கொண்டு போகும் தமிழ்க் குடும்பம் நான்கு பேருக்கு ஒரு நாளில் எளிதாக 80, 100 டாலர் மிச்சம் பிடிக்கும். சவாரிக்கு உயரம் போதாத சின்னக் குழந்தை இருந்தால் ரைடர் ஸ்விட்ச் கேளுங்கள். ஒருவர் ஏறி வரும் வரை மற்றவர் குழந்தையோடு இருந்துவிட்டு, பிறகு வரிசையில் மறுபடி நிற்காமல் ஏறலாம், இதற்குக் காசு இல்லை. தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் வாரங்கள் வேண்டவே வேண்டாம். ஜனவரி பின்பாதியும் செப்டம்பரும் கூட்டம் குறைந்தவை. செப்டம்பரில் வெயிலும் புயல் பயமும் உண்டு, அதனால் நான் ஜனவரியைத் தேர்ந்தெடுப்பேன்.

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, ஒஹாயோ பக்கம் இருப்பவர்கள் அவ்வளவு தூரம் போவதற்கு முன் சிக்ஸ் ஃபிளாக்ஸ், ஹெர்ஷிபார்க், சீடர் பாயிண்ட் போன்றவற்றைப் பார்த்துவிடலாம். டிஸ்னியில் ஒரு கூட்டமான நாளுக்குக் கொடுக்கும் விலையைச் சுற்றி இப்படிப்பட்ட சில பூங்காக்களின் சீசன் பாஸே கிடைத்துவிடும். பாஸ் இருந்தால் சனிக்கிழமை மதியம் போய் மூன்று சவாரி ஏறிவிட்டு, கூட்டம் சேர்ந்ததும் கிளம்பிவிடலாம், அடுத்த மாதம் திரும்பவும் வரலாம். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருக்கும்போது அவர்களுக்கு ஒருநாள் டிக்கெட்டைத் தள்ளுபடியில் எடுத்துக் கொடுக்கும் பாஸ்களும் உண்டு. வாங்கும்போதே அதையும் கார் நிறுத்தும் கட்டணம் அதில் அடங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.